குடிபூரல் அன்று வருபவர்களின் கையிலிருப்பதை எப்படி வாங்குவது?

தை மாதம் கோண்டாவிலில் புது வீட்டுக்குக் குடிபுகப் போகும் ஒரு தங்கச்சி சில கேள்விகள் கேட்டிருக்கிறார். அழைப்பிதழில் "அன்பளிப்புகளைத் தவிர்த்துக்கொள்ளவும்" என்று அச்சடிக்கலாமா? அதையும் மீறி யாராவது கொண்டு வந்தால் என்ன செய்வது? வந்தவர்களுக்குத் திருப்பி ஏதும் கொடுக்க வேண்டுமா? கனடாவில் இருக்கும் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, பெரிய தொகை ஒன்று தரப் போவதாகச் சொல்கிறார். அதே ஒழுங்கைக்குள் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிற குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு பகுதியையும் ஒரே நாளில் யாருடைய முகமும் சுருங்காமல் எப்படிப் பார்ப்பது?

கடைசிக் கேள்வியில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அழைப்பிதழில் அந்த வரியைப் போடாதீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் பலர் போடுகிறார்கள் என்று தெரியும். ஆனால் நடப்பது என்ன என்று பாருங்கள். வசதியுள்ளவர்கள் அந்த வரியைப் பொருட்படுத்த மாட்டார்கள். "அவை அப்பிடித்தான் போடுவினம், நாங்கள் வெறுங்கையோடை போறதே" என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்குவார்கள். வசதி குறைந்தவர்கள் அச்சில் இருப்பதை நம்பி வெறுங்கையோடு வருவார்கள். வந்து பார்த்தால் பக்கத்துக் கதிரைக்காரரின் மடியில் பளபளக்கும் கடதாசி சுற்றிய பெட்டி இருக்கும். உங்கள் சொல்லை மதித்து வந்தவர் கூனிக்குறுகிப்போய் இருப்பார், சாப்பாடும் அவருக்கு இறங்காது. யாருடைய சுமையைக் குறைக்கத்தான் அந்த வரியைப் போட்டீர்களோ, அவர்கள்தான் அதனால் அதிகம் நோகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தோடு போக்குவரத்து இருக்கிறது என்றால் நன்மை தின்மை இரண்டுக்கும் போய்வருகிறோம் என்று அர்த்தம். உங்கள் அம்மா இருபது வருசத்துக்கு முதல் ஒரு சாமத்தியவீட்டுக்குச் செய்ததை அந்த வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். திருப்பிச் செய்ய ஒரு நல்ல நாள் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாள் உங்கள் குடிபூரலாக இருக்கலாம். "தவிர்க்கவும்" என்ற ஒரு சொல்லால் அவர்களுக்கு அந்த வழியை அடைத்துவிடக் கூடாது.

அப்படியானால் கஷ்டப்பட்டவர்களுக்கு எப்படிச் சொல்வது? வாயால் சொல்லுங்கள். அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், ஒழுங்கைக்குள் இருப்பவர்களுக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும் நேரில் போய்த்தானே சொல்லப் போகிறீர்கள். அந்த நேரம் எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சொல்லக் கூடியது: "குடும்பமா வாங்கோ. மத்தியானம் சாப்பிட்டிட்டுத்தான் போக வேணும்." வசதி குறைந்த வீட்டில் இதோடு நிறுத்தாமல் ஒரு உதவியும் கேளுங்கள். "மாமி, விடிய வெள்ளன வந்து கோலத்தைப் போட்டுத் தாங்கோ, உங்கடை கை பட்டாத்தான் வடிவா வரும்." "அண்ணை, வாசல்லை வாழை கட்டேக்கை நீங்கள் நிக்க வேணும்." "பெரியம்மா, பாயாசம் உங்கடை பொறுப்பு." இப்படிக் கேட்டுவிட்டால், விடிகாலை நாலு மணிக்கு வந்து மரக்கறி வெட்டியவர் தன்னுடைய பங்கைச் செய்துவிட்டார். வெறுங்கையோடு வந்தோமே என்ற எண்ணம் அவருக்கு வராது. நீங்களும் அதை அன்பளிப்பாகவே மதிக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கேட்கும்படி "கோலம் மாமி போட்டது" என்று சொல்ல வேண்டும். சும்மா ஒரு வேலை கொடுத்து வைப்பது போலாகிவிட்டால் அது இன்னும் மோசம்.

"என்ன வேணும், சொல்லுங்கோ" என்று நேரடியாகக் கேட்பவர்களும் இருப்பார்கள். "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லி அவர்களைக் கடைகடையாக அலைய விடாமல், சின்னதாக ஒன்றைச் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் மரக்கன்று சொல்லுவேன். வீடு கட்டி முடிகிறபோது வளவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சல்லியும் மணலும் கொட்டி, லொறி ஏறி இறங்கி, பழைய மரங்கள் பாதி போய், செம்மண் மட்டும் வெறுமையாகக் கிடக்கும். ஒரு கறுத்தக்கொழும்பான் மாங்கன்று, ஒரு தேசி, ஒரு மாதுளை, கறிவேப்பிலை, கிணற்றடிக்கு ஒரு தென்னம்பிள்ளை என்று ஆளுக்கொன்றாக வந்தால் யாருக்கும் பெரிய செலவில்லை. முருங்கைத் தடியை வெட்டிக் கொண்டு வர ஒரு சதமும் செலவில்லை. ஆனாலும் அது கொடுத்தவரின் பெயரோடு வளவில் நிற்கும். கொண்டு வந்தவரை அழைத்துப் போய், "எந்த இடத்திலை வைப்பம்?" என்று அவரிடமே கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாரி மழை மார்கழியோடு குறைந்துவிடும், தையில் நட்டால் அடுத்த ஐப்பசி வரை நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொடுத்தவர் ஆவணியில் வந்து பார்க்கும்போது கன்று காய்ந்து நிற்கக் கூடாது.

இனி, அன்றைய நாள். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு வைத்து, பக்கத்தில் பன்னீர், சந்தனம், குங்குமம், கற்கண்டு எல்லாம் ஒரு மேசையில் இருக்கும். அந்த மேசைக்குப் பக்கத்தில் அன்பளிப்பு வைக்க என்று இன்னொரு மேசை போடாதீர்கள். இப்போது சில இடங்களில் போடுகிறார்கள், மண்டபத்துக் கலியாணத்தில் பார்த்த பழக்கம். அப்படிப் போட்டால் வருகிறவரின் முகத்தைப் பார்க்க முதல் கையைப் பார்த்தது போல ஆகிவிடும். வருபவருக்குச் சந்தனம் கொடுங்கள், உள்ளே கூட்டிப் போய் இருத்துங்கள், தேத்தண்ணியோ மோரோ கொடுங்கள். அவர் தர வேண்டியதை அவர் விரும்பும் நேரம் தருவார்.

நம்மவர்களில் பலர் என்வலப்பை வந்தவுடன் நீட்டுவதில்லை. சாப்பிட்டுக் கை கழுவி, "அப்ப நாங்கள் வெளிக்கிடப் போறம்" என்று சொல்லுகிற நேரத்தில்தான் சட்டைப் பையிலிருந்தோ கைப்பையிலிருந்தோ வெளியே எடுப்பார்கள். அந்த நேரம் நீங்களோ உங்கள் கணவரோ கண்ணில் படும்படி நிற்க வேண்டும். இரண்டு பேரும் குசினிக்குள் நின்றுவிட்டால், கொண்டு வந்தவர் என்வலப்பைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் அங்குமிங்கும் பார்த்தபடி நிற்பார். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பரிமாறலை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பதினொரு மணியிலிருந்து ஒருவராவது முன்பக்கம் நின்றுகொள்ளுங்கள்.

வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்குங்கள். வயதில் மூத்தவர் என்றால் சற்றுக் குனிந்து வாங்குங்கள். "என்னத்துக்கு மாமி உதெல்லாம்?" என்று ஒருமுறை சொல்வது எங்கள் வழமை, அது இல்லாவிட்டால் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறைதான். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் தள்ளிக்கொண்டு நின்றால், கொடுப்பவர் பத்துப் பேர் பார்க்கக் கெஞ்ச வேண்டி வரும். ஒருமுறை சொல்லிவிட்டு, "சரி மாமி, சந்தோசம்" என்று வாங்கிவிடுங்கள். வாங்கியதை நெரித்துப் பார்க்கவும் வேண்டாம், கதைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்கும் சின்னப்பிள்ளையிடம் தள்ளிவிடவும் வேண்டாம். உள்ளே ஒரு அறையில் அலுமாரி ஒன்றின் திறப்பை உங்கள் சித்தியிடமோ கணவரின் சித்தியிடமோ கொடுத்து வையுங்கள். அவர் வந்து வாங்கிக்கொண்டு போய் வைக்கட்டும். பொறுப்பு ஒருவரிடமே இருக்க வேண்டும். ஐந்து பேர் கைமாறினால் எது யாருடையது என்று இரவில் தெரியாது.

பெட்டிகளை அந்த இடத்திலேயே பிரிக்க வேண்டாம். லண்டனிலும் கனடாவிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்த்து நன்றி சொல்வதுதான் மரியாதை. அவர்கள் நின்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இங்கே ஒன்றைப் பிரித்தால் அடுத்ததையும் பிரிக்க வேண்டும், பிறகு ஒன்றுக்கு ஒன்று ஒப்பீடு வந்துவிடும். கொடுத்தவரே "திறந்து பாருங்கோ" என்று வற்புறுத்தினால், அவரை உள்ளே அழைத்துப் போய்ப் பிரியுங்கள்.

இதற்கு விலக்கு சாப்பாட்டுச் சாமான். பழத்தட்டமோ பலகாரமோ வந்தால் மூடி வைக்கவே கூடாது. பக்கத்து வளவு ஆச்சி ஒரு மூடி போட்ட எவர்சில்வர் வாளியில் அரியதரம் சுட்டுக் கொண்டு வருகிறார் என்று வையுங்கள். முதல் நாள் அரிசி ஊறப்போட்டு, இடித்து, பாகு காய்ச்சி, அடுப்படியில் குந்தியிருந்து சுட்டது. அதை வாங்கி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு, கடையில் வாங்கிய கேக்கைப் பரிமாறினால் அவருக்கு எப்படி இருக்கும்? வாளியைத் திறந்து, ஒரு தட்டத்தில் அடுக்கி, அவர் இருக்கிற விறாந்தையிலேயே அவர் கண்முன்னால் சுற்றிக் கொடுங்கள். "ஆச்சியின்ரை அரியதரம்" என்று சொல்லிக் கொடுங்கள். அவருக்குச் செய்யக் கூடிய மிகப் பெரிய மரியாதை அது. பால் காய்ச்சி முடியும் முன்னர் வரும் எந்த உணவையும் குசினிக்குள் கொண்டு போகாமல் வெளியே ஒரு மேசையில் வைத்திருங்கள். புது அடுப்பில் முதலில் பால்தான் பொங்க வேண்டும். முட்டை போட்ட கேக் வந்தால் சுவாமி அறைப் பக்கம் கொண்டு போகாமல் தனியாக வைத்து, பின்னேரம் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுக்கலாம். கொண்டு வந்தவரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.

ஆச்சியின் வாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதை உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார். கழுவித் துடைத்து, வடையோ நாலு வாழைப்பழமோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி கற்கண்டோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். நேரத்தையும் கவனியுங்கள். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து பால், உப்பு, காசு வெளியே போகக் கூடாது என்று பார்க்கும் குடும்பங்கள் இன்னும் நிறைய. ஆகவே மற்ற வீட்டுப் பாத்திரங்களையும் அவற்றுக்குள் போடுவதையும் பொழுதுபட முதல் அனுப்பிவிடுங்கள், அல்லது அடுத்த நாள் விடியப் பார்க்கலாம்.

காசு பற்றி. ஆயிரத்தொன்று, ஐயாயிரத்தொன்று என்று ஒரு ரூபாக் குற்றியும் சேர்த்துத்தான் எங்கள் ஆட்கள் வைப்பார்கள். தொகை என்னவாக இருந்தாலும் அது என்வலப்புக்குள்ளேயே இருக்கட்டும். வீடியோக்காரருக்கு முதலே சொல்லிவிடுங்கள்: கொடுக்கும் கையையும் வாங்கும் கையையும் எடுக்க வேண்டாம். வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, என்வலப்பை நீட்டியபடி கமராவைப் பார்க்கச் சொல்வது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. ஒன்றும் கொண்டு வராதவர் அந்த வரிசையைக் கண்டு பின்வாசலால் போய்விடுவார். எல்லோரோடும் நின்று படம் எடுங்கள், கையில் ஒன்றும் இல்லாமல் எடுங்கள். பெட்டிகள் குவிந்திருக்கும் படத்தை முகநூலில் போடவும் வேண்டாம்.

2022 நெருக்கடியில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை எல்லோரும் அனுபவித்தோம். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு சாதாரண தொகையும் இங்கே சம்பளத்தில் வாழும் ஒரு ஆசிரியரின் என்வலப்பைப் பல மடங்கு தாண்டிவிடுகிறது. இரண்டு பேரும் மனதால் கொடுத்தது ஒன்றாகவே இருக்கலாம். சொல்லப் போனால் ஆசிரியர்தான் கூடுதலாக வருத்திக் கொடுத்திருப்பார். தொகையைச் சபையில் சொன்னால் அந்த உண்மை மறைந்துபோய் இலக்கம் மட்டும்தான் நிற்கும்.

அதனால் உங்கள் கனடா மச்சாளின் காசை அந்த நாளிலிருந்தே பிரித்துவிடுங்கள். குடிபூரலுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முதலே அது வந்து சேரட்டும். வந்த உடனே இரண்டு பகுதியும் ஒளிவுமறைவில்லாமல் பேசிக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு: இது அன்பளிப்பா, கைமாற்றா? "பிறகு பாப்பம்" என்று விட்ட காசினால் அக்கா தம்பி முகம் பார்க்காமல் போன வீடுகள் எத்தனையோ. உங்கள் வீடு நிற்பது உங்களுக்குச் சீதனமாக எழுதிய காணியில் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒல்லாந்தர் 1707இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத் தொகுப்பிலேயே சீதனம் தனியாகப் பேசப்படுகிறது; இன்றைக்கும் ஊரில் அது பெண்ணின் சொத்து. அப்படியான காணியில் கணவரின் அக்காவின் பெரிய தொகை போகிறதென்றால், கடன் என்றால் கடன் என்று எழுதி, வேண்டுமானால் நொத்தாரிசிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்பளிப்பு என்றால் அதை அவரே வாயால் தன் அம்மாவுக்கும் சொல்லிவிடட்டும்.

மச்சாளுக்குரிய மரியாதையை வேறு வழியில் செய்யலாம். பால் பொங்கும் நேரம் அவரைக் கைப்பேசியில் அழைத்துக் காட்டுங்கள். தை மாதத்தில் இங்கே காலை 6.30 என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 8 மணி. அவர்கள் விழித்திருக்கும் நேரம்தான். அவருக்காகக் குத்துவிளக்கில் ஒரு திரியை அவருடைய அம்மா ஏற்றட்டும். "இது அவையின்ரை காசிலை நடந்த குடிபூரல்" என்று யாராவது சபையில் தொடங்கினால், "எல்லாற்றை ஆசீர்வாதமும்தான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் விடயத்தில் இன்னும் ஒரு சங்கடம் வரும். உங்கள் தாய்வீட்டிலிருந்து ஒரு குத்துவிளக்கு வரும். அவர்கள் வீட்டிலிருந்தும் ஒன்று வரலாம். ஒன்றை ஏற்றி மற்றதைப் பெட்டிக்குள் வைத்தால் வருசக்கணக்காக அது பேசப்படும். இரண்டையும் சுவாமி அறை வாசலில் இரண்டு பக்கமும் வைத்து ஏற்றுங்கள்.

சில அன்பளிப்புகளுக்கு விலை பார்க்கவே முடியாது. போர்க்காலத்தில், 1990இல் யாழ் குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதிலுமிருந்தும் சனம் கையில் பிடித்ததோடு வெளிக்கிட்டது. அப்போது தாட்டு வைத்தோ, கிணற்றுக்குள் போட்டோ, வன்னி வரை காவிக்கொண்டு திரிந்தோ மிஞ்சிய ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டு வந்து, "புது வீட்டிலை இருக்கட்டும் பிள்ளை" என்று தருபவர்கள் இருக்கிறார்கள். விளிம்பு நெளிந்திருக்கும், அடியில் ஈயம் பூசிய தழும்பு இருக்கும். அதைப் புளி போட்டு மினுக்கி, அன்றைக்கே தண்ணீர் நிறைத்துச் சுவாமி படத்துக்கு முன்னால் வையுங்கள். கொடுத்தவர் அடுத்த முறை வரும்போதும் அது பாவனையில் இருக்க வேண்டும். அப்படித் தருபவர்களில் சிலருக்கு இன்னும் சொந்த வீடு திரும்பக் கிடைத்திருக்காது. அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது தரைக்குப் பதித்த மாபிள் எவ்வளவு, கதவு என்ன மரம் என்ற கதையெல்லாம் வேண்டாம்.

கணவரை இழந்த பெண்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். போருக்குப் பிறகு எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். "நான் பிறகு வாறன்" என்று அவர்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். பொருளை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் வாங்கி வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். நீங்களே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். வாசலில் அவர்களுக்கும் சந்தனம், கற்கண்டு கொடுங்கள், அவர்கள் கையால் நீட்டுவதை எல்லோர் முன்னிலையிலும் வாங்குங்கள். பழமை பேசும் ஒரு பெரியவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இது உங்கள் வீடு, இந்த வழமையை நீங்கள் தொடர வேண்டியதில்லை.

துடக்கு என்பது வேறு. செத்தவீடு நடந்த குடும்பம் 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும் வரை வர மாட்டார்கள். அதைக் குறையாக எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு நாள் நீங்களாகப் போய்ப் பலகாரம் கொடுத்துவிட்டு வந்தால், அவர்கள் வீடு பார்க்க வருவதற்கு வழி திறக்கும்.

சோனகத் தெருவிலிருந்து வரும் முஸ்லிம் நண்பர்களுக்குச் சைவச் சாப்பாடு பிரச்சினையில்லை. படைத்த பழத்தைக் கொடுக்காமல் படைக்காத பழத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கத்தோலிக்க நண்பர்கள் பெரும்பாலும் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள், விபூதியை மட்டும் நீங்களாக நீட்டாமல் தட்டத்தில் வைத்துவிடுங்கள். வேலைத்தலத்துச் சிங்கள நண்பர் வெற்றிலைக் கட்டொன்றை இரண்டு கையாலும் நீட்டினால், அதை வாங்கிச் சுவாமி அறையிலேயே வையுங்கள். அது அவர்கள் செய்யும் பெரிய மரியாதை.

இனித் திருப்பிக் கொடுப்பது. கொண்டு வந்தவர்களுக்கும் கொண்டு வராதவர்களுக்கும் ஒரே மாதிரி, படலையடியில் வைத்துக் கொடுங்கள். சோடியின் படம் அச்சடித்த கோப்பை, பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும் தேவையில்லை. முறுக்கு, பயித்தம்பணியாரம், அரியதரம் மூன்றும் நாள்பட இருக்கும், பையில் போட ஏற்றவை. வடையும் மோதகமும் அன்றைக்கே சாப்பிட வேண்டியவை, பையில் போடாதீர்கள். எனக்குப் பிடித்தது பனங்கட்டிக் குட்டான். சின்ன ஓலைக் குட்டானுக்குள் பனங்கட்டி, அதற்கு வேறு உறையும் தேவையில்லை, இழைத்த பெண்களுக்கும் நாலு காசு போகும். ஆனால் பனங்கட்டிக் காலம் தையில் இல்லை, முன்னைய பருவத்தில் காய்ச்சி வைத்ததுதான் கிடைக்கும், அதனால் கார்த்திகையிலேயே சொல்லி வையுங்கள்.

அன்பளிப்பை எதிர்பார்க்காமல் நீங்களே கொடுக்க வேண்டியவர்கள் மேசனும் தச்சரும் அவர்களோடு நின்ற கூலியாட்களும். வேட்டி சால்வையும் என்வலப்பும் வைத்து, குருக்களுக்குத் தட்சணை கொடுத்த கையோடு, மற்ற விருந்தினர் பார்க்க அவர்களைக் கூப்பிட்டுக் கொடுங்கள். முதல் பந்தியில் இருத்துங்கள். பெரிய மேசனுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கல்லுச் சுமந்த பெடியனை விட்டுவிடுவது நடக்கிறது. பெயர்களை முதல் நாள் இரவே எழுதி வைத்தால் ஒருவரும் தவற மாட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு, கணவனும் மனைவியும் இருந்து ஒரு சீஆர் கொப்பியில் யார், என்ன என்று எழுதுங்கள். கோலம் போட்டவர், வாழை கட்டியவர், பாயாசம் காய்ச்சியவர் பெயர்களும் அதே பக்கத்தில் வர வேண்டும். நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் அதைப் பார்த்தால் தெரியும். தொகைக்குத் தொகை திருப்பிச் செய்ய வேண்டும் என்றில்லை. உங்கள் நிலைமைக்கு ஏற்றபடி, குறையாமல் போய் நின்றால் போதும். கொப்பியை வெளியாட்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டாம். ஒரு கிழமைக்குள் எல்லோருக்கும் தொலைபேசியில் பேசி, கொடுத்த பொருளைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். "அனைவருக்கும் நன்றி" என்று குழுவில் ஒரு செய்தி போட்டால் ஒருவருக்கும் சொன்னதாக ஆகாது.

சுவர் மணிக்கூடு கட்டாயம் மூன்று நாலு வரும். பிள்ளையார் படமும் அப்படித்தான். மணிக்கூட்டில் ஒன்றிரண்டை ஒரு வருசம் கழித்துச் சனசமூக நிலையத்துக்கோ முன்பள்ளிக்கோ கொடுப்பதில் தவறில்லை. கொடுத்தவரின் சொந்தக்காரருக்கு மட்டும் கைமாற்றிவிடாதீர்கள். சுவாமி படங்களைக் கண்டபடி கொடுக்க முடியாது, ஆதலால் யாராவது படம் வாங்கப் போவதாக முன்கூட்டிச் சொன்னால், "சுவாமி அறைக்கு எல்லாம் வச்சிட்டம் அக்கா, ஒரு மாதுளங்கண்டு தாங்கோ" என்று தயங்காமல் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து யாராவது கத்திப் பெட்டி கொண்டு வந்தால் அம்மம்மா முகம் மாறுவார். நீங்கள் மாறாமல் வாங்கி உள்ளே வையுங்கள்.

அன்றைக்கு வர முடியாமல் போனவர்கள் பங்குனி, சித்திரை வரை ஒவ்வொருவராக வீடு பார்க்க வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். ஒரு பிஸ்கற் பெட்டியோ ஒரு சீப்பு வாழைப்பழமோ கையில் இருக்கும். குடிபூரலுக்கு வந்தவருக்குச் செய்த அதே உபசாரம் அவர்களுக்கும் உண்டு. குங்குமமும் கற்கண்டும் விறாந்தை மேசையிலேயே இருக்கட்டும். முறுக்கும் பயித்தம்பணியாரமும் ஒரு ரின்னில் எப்போதும் இருக்கட்டும். பை கொடுத்து முடிந்ததென்று சொல்லாமல் பத்துப் பதினைந்து குட்டானை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.